லாரி ஸ்டானிஸ்லாஸுக்குத் தண்ணீர் ஏற்றிய கதை

ஜோகூரில் ஓடுகிற ஆறுகள் அத்தனையும் ஒன்றுகூடினாலும் ஒரு பாட்டில் டிரிப்புத் தண்ணீருக்கு ஈடாகாது. "ஏத்திப் பாருலா, செத்தவன் எழுந்து பந்து விளையாடுவான்" என்பார் ஸ்டானிஸ்லாஸ். பெக்கான் நானாஸில் அன்னாசி லாரி ஓட்டும் ஒண்டிக்கட்டை. கொஞ்சம் அசதி என்றாலும் கிளினிக்கில் போய்த் தண்ணீர் ஏற்றச்சொல்லி அடம்பிடிப்பார். ஏற்றிவிட்டால் போச்சு. புறங்கை பிளாஸ்டர் அழுக்கேறித் தானாக விழும்வரை கழற்றமாட்டார். காப்பிக்கடையில் அந்தக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் உட்காருவார், போருக்குப் போய்வந்தவர் மாதிரி.

தம்பி மகள் எவ்லினுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தே ஐஸ் என்கிற ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தை ஸ்ட்ராவோடு லாரிக் கண்ணாடியில் தொங்கவிட்டு, "பெரியப்பா, லாரிக்கு மயக்கமா இருக்காம். தண்ணி ஏத்துறேன்" என்றாள்.

பிறகு ஒரு ஞானஸ்நான விருந்தில் தின்ற இறால் அவரைக் கழிப்பறையிலேயே குடிவைத்தது. கிளினிக் டாக்டர் உப்புத்தூள் பொட்டலங்களைக் கொடுத்தார். "தண்ணியில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. குடிக்கவே முடியலன்னாதான் டிரிப்பு."

கடைசி வாக்கியம் மட்டும்தான் மகானின் காதில் விழுந்தது. தூளைக் கரைத்துக் கற்றாழைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காய்ந்த வாயோடு படுத்துக்கொண்டார். டிரிப்புக்குத் தகுதி பெறுகிறாராம்!

சாயங்காலம் எவ்லின் வந்தபோது தகுதி வேண்டிய மட்டும் சேர்ந்திருந்தது. கண் குழிந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, நிற்கக் கால் வரவில்லை. காலிப் பொட்டலங்களும் கற்றாழைத் தொட்டியில் உப்புக் கறையும் அவள் கண்ணில் பட்டன.

"அலமாக்! மூளையையும் தொட்டியில ஊத்திட்டீங்களா?"

ஆஸ்பத்திரியில் மிஸி, அதாவது நர்ஸ், நரம்பு தேடி இரண்டு கையையும் குத்தினாள். வறண்ட உடம்பில் நரம்பு எங்கே கிடைக்கும்? "ஆசைப்பட்டீங்கல்ல, நல்லா வாங்கிக்குங்க" என்ற எவ்லின், ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

ஒருவழியாகப் பாட்டில் சொட்டத் தொடங்கியது. சிறுநீர் பிரிந்தால்தான் கிட்னி பிழைத்ததாக அர்த்தம் என்று சொல்லிவிட்டுப் போனார் அங்கிருந்த டாக்டர்.

பெரியப்பா கண்மூடிக் கிடந்தார். கோவிலில் செபமாலை நேரத்தில் கைப்பேசி நோண்டுகிற எவ்லின், சொட்டுக்கு ஒன்றாக 'அருள் நிறைந்த மரியே' முணுமுணுத்தாள்.

ஒரு கண் திறந்தது. "ஏய், சொட்டு முந்திப் போவுது. நீ பின்னாடி நிக்கிற."

"நான் பாட்டுப் பாடுனேன்."

"பாட்டுக்கு ஏன்டி மூக்கு ஒழுகுது? சரி, ஓடிப்போய் மிஸியக் கூப்பிடு. ஒண்ணுக்கு முட்டுது."