சளி பிடிக்கக் கூடாத வீடு

சாகும் அளவுக்கு நோய், பிழைத்து எழும் அளவுக்குத் தெம்பு — இரண்டும் ஒரே உடம்பில் எப்படி இருக்க முடியும்? போன வாரத்திலிருந்து யோசிக்கிறேன்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா, ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. யாரும் கவனிக்கவில்லை. இப்போது நுரையீரலும் கெட்டுவிட்டது. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிறது. அவள் கணவருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை; சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நேரம், லீவு இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன்.

இதயம், நுரையீரல் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து பிரிக்காமல் எடுத்து... அப்படியே வைப்பார்களாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒருவரின் துடிப்பும் மூச்சும் இன்னொருவருக்குள் போய்த் தொடர்வதா?

ஆனால், எல்லோருக்கும் செய்துவிட மாட்டார்கள். வேறு வைத்தியம் எதுவும் பலிக்காது என்றாகியிருக்க வேண்டும். அதே சமயம் கிட்னியும் கல்லீரலும் நன்றாக இருக்க வேண்டும். புற்றுநோய், ஆறாத தொற்று கூடாது. ஆயுள் முழுக்க மாத்திரை தவறக் கூடாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ரத்த வகை மட்டுமல்ல, நெஞ்சுக்கூட்டின் அளவுகூடப் பொருந்த வேண்டும்.

ஸ்டெல்லா சிரித்தாள். "ஷூ மாதிரிதான்க்கா. ஒரே தோல்ல வெட்டுனாத்தான் ஜோடி சேரும். சைஸும் கரெக்டா இருக்கணும்."

டாக்டரும் சிரித்துவிட்டார். உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் எந்த நேரமும் போன் வரலாமாம். கம்பெனி கேட்டிலேயே அவள் கணவரின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் என் நம்பரையும் கொடுத்தோம். இப்போதே குளிக்கப் போனாலும் போனோடுதான் போகிறேன்.

டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் படுத்துகிறது. கூப்பிடும் அன்று ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால், அந்த உறுப்புகள் வேறொருவருக்குப் போய்விடும்.

என் மகள் எல்.கே.ஜி. வகுப்பில் யார் தும்மினாலும் இவள் மூக்கு ஒழுகும். தினமும் சாயங்காலம் ஸ்டெல்லா மடியில்தான் கதை கேட்பாள். நிறுத்திவிட்டேன். நேற்று ஸ்டெல்லாவே தெருவைக் கடந்து, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"பாப்பாவ இன்னாத்துக்குக்கா நிறுத்திட்டே? போன் வர்ற வரைக்கும் நான் செவுத்தையா பாத்துனு இருக்கிறது?"

நான் செய்தது காவலா, தண்டனையா?

மாஸ்க் போட்டுப் பத்தடி தள்ளி உட்கார வைக்கலாமே என்கிறார் என் கணவர். நாலு வயசுப் பிள்ளையைப் பத்தடி தள்ளி உட்கார வைக்கத் தெரிந்த அம்மாக்கள் இருந்தால்... தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.