ஆறவைத்த தண்ணீர்

தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் என் சமையலறை அலமாரியில், உப்புக்கும் புளிக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சாடி காலியாக இருக்கிறது. மகள் பலமுறை அதைத் தூக்கி எறியப் பார்த்தாள், நான் விடவில்லை. ஒரு காலத்தில் அதில் நீல நிறச் சண்டை மீன் ஒன்று இருந்தது. அதை வளர்த்தவர் எங்கள் வீட்டில் குடியிருந்த கிளார்க் மாமா.

அந்த நாட்களில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் கீழே அப்பாவின் மளிகைக் கடை, மேலே வீடு. பின்னறையை அவருக்கு விட்டிருந்தோம். ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலாயாவில் பிறந்தும் வீட்டுப் பேச்சை விடாதவர். அப்பாவுக்கு முதலிலிருந்தே அவர்மேல் சந்தேகம். அவர் அதிகம் பேசமாட்டார், ஆங்கிலப் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்வார், தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். "நம்ம வீட்டுக் காப்பிய ஒரு வாய் குடிக்க மாட்டேங்கிறான். மனசுல என்ன வச்சிருக்கானோ" என்பார் அப்பா. கேட்டுக் கேட்டு, கதவிடுக்கு வழியாக அவரைக் கவனிப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. பேசுவதைவிட ஒளிந்து பார்ப்பது எனக்கு எளிதாக இருந்தது.

கூடத்து மேசையில் வாய் குறுகிய கண்ணாடித் தொட்டியில் அப்பாவின் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. கடை திறந்த அன்று அரிசி வியாபாரியான ஒரு சீனர் கொடுத்தவை. அவை நன்றாக இருக்கும்வரை கடையும் நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னதை அப்பா முழுதாக நம்பினார். கிளார்க் மாமாவின் சாடியும் வெளிச்சத்துக்காக அதே மேசையில்தான் இருந்தது.

அது குழாய்த் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டு விட்ட வருடம். பீப்பாயில் பிடித்துவைத்த தண்ணீரில் துரு வாடை அடித்தது. "காய்ச்சாத தண்ணி வயித்துல போச்சு, டைபாய்டுதான்" என்று அம்மா மிரட்டிக்கொண்டே இருந்தார். மீன்களும் அந்தத் தண்ணீரில்தானே கிடக்கின்றன என்று எனக்குக் கவலை. ஒரு சனிக்கிழமை காலை, அம்மா கடைக்கு இறங்கியதும், முந்தின நாள் காய்ச்சி மூடி ஆறவைத்திருந்த இரண்டு பானைத் தண்ணீரையும் தொட்டிக்கும் சாடிக்கும் மாற்றினேன். அம்மாவுக்குத் தெரியாமலிருக்க, பீப்பாய்த் தண்ணீரைப் பானைகளில் ஊற்றி மூடிவிட்டேன்.

மத்தியானம் அரை நாள் வேலை முடிந்து கிளார்க் மாமா வந்தார். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக் கதவிடுக்கில் பார்த்தேன். அவர் கோப்பையைத் தொட்டிக்குள் விட்டு, உயரத் தூக்கி, மறுபடி அதிலேயே ஊற்றினார். விடாமல் அதையே செய்தார். சட்டை முழுக்க ஈரம். நான் கீழே ஓடினேன். "அப்பா, கிளார்க் மாமா நம்ம தொட்டியில என்னமோ ஊத்துறாரு!"

அப்பா மேலே வந்தபோது இரண்டு தங்கமீன்களும் வயிறு தெரிய மிதந்தன. பக்கத்திலேயே சாடியில் நீல மீன் ஒயிலாகச் சுற்றிவந்தது.

"என் மீன் ரெண்டும் செத்துப் போச்சு. உன் மீனு மட்டும் எப்படிய்யா டான்ஸ் ஆடுது?"

"அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை. இந்தத் தண்ணிக்குள்ள காத்தில்லை. என்ர மீன் மேல வந்து வாயால காத்து எடுக்கும், அதுதான் தப்பிச்சுது."

"தண்ணிக்குள்ள காத்தாம்லா! அடுத்தது காத்துக்குள்ள தண்ணி இருக்குன்னு சொல்வான்." பின்னாலேயே ஏறி வந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கே ரூமைக் காலி பண்ணு."

மறுநாள் பெட்டியோடு படியருகே நின்றவர், மீனோடு சாடியை என் கையில் கொடுத்தார். "பிள்ளை, அந்தத் தண்ணி காய்ச்சினதோ?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார். "பாத்தியா, ஒரு வார்த்தை பேசாம போறான். செஞ்சவன் வேற எப்படிப் போவான்?" என்றார் அப்பா. அன்று மாலையே நீல மீனை வாய்க்காலில் கொட்டிவிட்டார். சாடியை மட்டும் நான் ஒளித்துவைத்தேன். யாருக்காவது காய்ச்சல் வந்துவிடுமோ என்று ஒரு வாரம் வீட்டில் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருக்கும் வரவில்லை. நான் வாயைத் திறக்கவும் இல்லை.

பல வருடங்கள் கழித்து, என் மகள் பள்ளிப் பாடத்துக்காக அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் ஓரங்களில் கடுகளவு முத்துகள் ஒட்டிக்கொண்டன. "பாருங்கம்மா, தண்ணியில கரைஞ்சிருந்த காத்து வெளிய வருது. மீனுக்கு இதுதான் மூச்சு. காய்ச்சிட்டா போயிடும்லா" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன காற்றைத்தான் அவர் கோப்பை கோப்பையாகத் தண்ணீருக்குள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் தலையாட்டலை அவர் நம்பினாரா என்பதில்தான் சந்தேகம். காய்ச்சின தண்ணீரை ஊற்றியது நான்தான் என்று அப்பாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பின்னறை அவருக்கே இருந்திருக்கும். எனக்கு அடி விழுந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

போன வாரம் அந்தச் சாடியில் தண்ணீர் நிரப்பி, கோப்பையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்தேன். சத்தம் கேட்டு மகள் கதவோரம் வந்து நின்றாள்.

"என்னம்மா செய்றீங்க?" என்றாள்.

அவள் கேட்டாள். அன்று கதவிடுக்கில் நின்ற நான் கேட்கவில்லை.