அழிப்பதற்கு முன் ஒரு ஒத்திகை

என் கணவர் ஆலங்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் போய்ப் படம் எடுப்பார். எடுத்த படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பார். நான் புதுக்கோட்டை வீட்டில் இருந்தபடி அவற்றை என் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொண்டு ஆல்பம் செய்வேன். கல்யாணத்துக்கு முன்பு நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். அங்கே பழகிய ஆர்சிங்க் என்ற கட்டளைதான் இப்போதும் என் வலது கை. கடையில் புதிதாக வந்த படங்களை மட்டும் பார்த்துக் கொண்டுவந்துவிடும். பாதியில் இணைப்பு அறுந்தாலும் கவலையில்லை. மறுபடி ஓட்டினால், வந்து சேர்ந்த படங்களைத் தொடாமல் மீதியைக் கொண்டுவரும்.

அந்தக் கட்டளையோடு --delete என்று சேர்த்தால் இன்னொன்றும் செய்யும். கடையில் இல்லாத எதுவும் வீட்டிலும் இருக்கக் கூடாது என்று அழித்துவிடும். நான் அதை வழக்கமாகச் சேர்ப்பதில்லை.

ஒருநாள் மதியம் கடையிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

“போன வருசம் எடுத்தோமே, அந்தக் கல்யாணத்துப் பொண்ணோட அண்ணன் வந்திருந்தாரு. கல்யாணம் முறிஞ்சு போச்சாம். எல்லாப் படத்தையும் அழிச்சிருங்கன்னு கேட்டாரு. இங்கிட்டு அழிச்சிட்டேன். நீ இன்னைக்கு டெலீட் போட்டு சிங்க் பண்ணிரு. ஒங்கிட்ட இருக்கிறதும் போயிரட்டும்.”

சரி என்றேன். ஆனால் --delete சேர்க்கும்போதெல்லாம் முதலில் --dry-run போட்டுப் பார்ப்பது என் பழக்கம். அது வெறும் ஒத்திகை. எதையும் தொடாமல், எவையெல்லாம் அழியும் என்று மட்டும் திரையில் காட்டும்.

வரிசையாக ஓடியது. ஒவ்வொரு வரியும் deleting என்று தொடங்கியது. என் கணவர் ஒவ்வொரு கல்யாணத்தையும் தாலி, பந்தி, ரிசப்ஷன் என்று தனித்தனி ஃபோல்டராகப் பிரிப்பார். தமிழ்ப் பெயர்களைத்தான் ஆங்கில எழுத்தில் அடிப்பார். அந்த வரிகளுக்கு நடுவே ponnu appa என்று ஒன்று ஓடியது. நான் கையை எடுத்துவிட்டேன்.

அந்த அப்பாவை எனக்குத் தெரியும். ஆல்பம் செய்தபோது போனில் பேசியிருக்கிறார். “என் படம் நெறைய வேணாம்மா, பிள்ளை படத்தைப் போடுங்க” என்று சொல்லிச் சிரித்தார். ஆல்பம் வாங்கிய கொஞ்ச நாளில் மாரடைப்பில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கணவரைக் கூப்பிட்டேன். “அழிக்கச் சொன்னது அந்தப் பொண்ணாங்க?”

“அவங்க அண்ணன்னு சொன்னேனே. குடும்பத்துல கேட்டாங்க, அழிச்சேன். நமக்கென்ன?”

“அதுல அவங்க அப்பா இருக்காரு.”

படம் எடுக்கப் போகிறவர்களுக்குச் சாப்பாடு பெரும்பாலும் கடைசிப் பந்தியில்தான். அந்த வீட்டில் மட்டும் பெண்ணின் அப்பா வந்து, கேமராவை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என் கணவரை முதல் பந்தியில் உட்காரவைத்திருந்தார். வீட்டுக்கு வந்தும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“இரு, அந்தப் பொண்ணு நம்பரைத் தேடித் தாரேன்” என்றார்.

அந்தப் பெண் திருச்சியில் வேலை பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும், “எதையும் செய்யாதீங்கக்கா. ஞாயித்துக்கிழமை நானே வாரேன்” என்றாள்.

வந்தாள். காப்பியைத் தொடவில்லை. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். மாப்பிள்ளை முகம் வந்தபோதெல்லாம் நிற்காமல் அடுத்ததற்குப் போனாள். அழவில்லை. அப்பா ஃபோல்டரில் ஒரு சின்ன வீடியோ இருந்தது. தோளில் துண்டோடு பந்தி நடுவே நின்றுகொண்டு அவர் கத்துகிறார்: “ஏப்பா, இங்கிட்டுப் பாயசம் வரலப்பா!”

அதை மறுபடியும் ஓடவிட்டாள். இன்னொரு தடவையும். அப்போதுதான் அழுதாள்.

“அப்பா குரல் எங்க வீட்ல யாருகிட்டயும் இல்லக்கா. போன்ல பேசுறதோட சரி, ரெக்கார்டு பண்ணணும்னு யாருக்குத் தோணுச்சு?”

“அண்ணனுக்கு இந்த வீடியோ இருக்கிறது தெரியாதா?”

“தெரியாது. ஆல்பத்தை எரிச்சதே அவன்தான். அவன் மேல தப்புச் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் அவனுக்கு அவ்வளவு கோவம்.”

அப்பா படங்கள் அனைத்தையும் அவளுடைய பென்டிரைவில் போட்டேன். எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்து, இன்னும் ஒரு படத்தைக் காட்டினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மருதாணி காய்வதற்காக இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கும் அவளுடைய படம்.

“இதையும் போடுங்க. இதுல நான் நல்லா இருக்கேன்ல?”

“ரொம்ப நல்லா இருக்கீங்க.”

“மிச்சம் எனக்கு வேணாம். அழிச்சா திரும்பி வராதுல்ல?”

வராது என்றேன். ஒத்திகையை அவள் எதிரிலேயே இன்னொருமுறை ஓட்டிக் காட்டினேன். பிறகு --dry-run என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினேன். எண்டரை அவளே அழுத்தினாள். அதே வரிகள்தான் ஓடின; இந்தமுறை நிஜமாக. ஓடி முடிந்ததும் அவள் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாள். சூடு பண்ணித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் கேட்டதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தி இருந்தது. ஆனால் அவள் அண்ணன் என்ன நினைப்பாரோ என்று எனக்கு உள்ளூர உறுத்தியது. அவர் கேட்டதற்கு மேல் நான் தலையிட்டிருக்கிறேன் அல்லவா?

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தார். என் கணவர் சண்டை வரும் என்றே எதிர்பார்த்திருக்கிறார். வந்தவர் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

“அண்ணே, தங்கச்சி அந்தப் பாயசத்தைப் போட்டுக் காட்டுச்சு. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதுல சத்தம் கம்மியா இருக்குண்ணே. கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?”

அவர் கொண்டுவந்திருந்த தங்கையின் பென்டிரைவிலிருந்து வீடியோவைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கணவர் அங்கிருந்தே எனக்கு போன் போட்டார். சுற்றியிருந்த மேளச் சத்தத்தைக் குறைத்து, அந்தக் குரலை மட்டும் மேலே தூக்கி அன்று சாயங்காலமே அனுப்பினேன்.