கவிழ்த்துப் பிடிக்க வேண்டிய ஜாடி

எரியும் குச்சியைச் சோதனைக்குழாயின் வாயருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்துக் கேட்பாள் என் தங்கை. உள்ளிருக்கும் வாயு ‘கீச்’ என்று கத்தினால் உதட்டைப் பிதுக்குவாள். “காத்து கலந்திருக்கு. சுத்தமான ஹைட்ரஜன் சத்தமே போடாது, சில பேர் மாதிரி இல்ல.”

சில பேர் என்பது அவளுடைய நாத்தனார். தங்கை பள்ளியொன்றின் வேதியியல் ஆய்வக உதவியாளர். நாத்தனாரோ கோளரங்கத்தில் விளக்க உரையாளர். இவள் துத்தநாகத்தின்மேல் அமிலம் விட்டுப் பிடிக்கும் அதே ஹைட்ரஜன்தான், அவர் பேச்சில் சூரியனின் வயிற்றுக்குள் ஹீலியமாகிறது.

“அங்க போனா போனதுதான், வேற ஒண்ணாவே மாறிடும். என்கிட்ட எரிஞ்சா தண்ணி. அதைப் பிரிச்சா பழையபடி திரும்பி வந்துடும்” என்பாள், தன் மகள் காதில் விழும்படி.

குடும்பப் படங்களுக்குக் குறிப்பெழுதி வைப்பவன் நான். நாத்தனார் நிற்கும் படங்களில் எல்லாம் தங்கையின் கை மகளின் தோளை இறுகப் பற்றியிருக்கும்.

பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பேச நாத்தனார் வந்திருந்தார்; பார்க்க நானும் போயிருந்தேன். அங்கேயே படிக்கும் மகள் ஆய்வகத்துக்கு ஓடிவந்தாள்.

“அம்மா, ஒரு ஜாடி ஹைட்ரஜன் கொடு. சூரியன் இந்த மாதிரி எரியறதில்லன்னு அத்தை காட்டப் போறாங்க.”

“உங்க அத்தைக்கு வாய் பத்தாதா? ஜாடி வேற வேணுமா?”

“அம்மா!”

“சரி போ. நானே கொண்டாந்து வைக்கறேன்.”

ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது. ஜாடியைக் கவிழ்த்தே பிடிக்க வேண்டும். நடைவழியில், கூட வந்த என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்கை அதை நிமிர்த்தி மூடியை நகர்த்தினாள். நிறமுமில்லை, மணமுமில்லை, வாயு போயே போய்விட்டது. மூடியைப் பொருத்தி, மறுபடி கவிழ்த்து, அரங்கத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

நாத்தனார் பேசி முடித்தார். “இதைக் கொளுத்தப் போறது நான் இல்ல, என் மருமக. பத்திக்கிச்சுன்னா கைதட்டுங்க. இல்லன்னா நல்லா சிரிங்க!”

தங்கை கதவை விட்டு ஓரடி முன்னே வந்தாள். மேடையில் மகள் தீக்குச்சியை உரசினாள். முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வரிசைகளை விலக்கிக்கொண்டு விரைந்த தங்கை, மகள் கையிலிருந்த குச்சியை ஊதி அணைத்தாள்.

“இது காலி. நான்தான் திறந்துவிட்டேன்.”

மகள் அவளையே பார்த்தாள்.

“அண்ணி, நான் புதுசா பிடிச்சிட்டு வர்ற வரைக்கும் நீங்க பேசிட்டே இருங்க” என்றவள், மேசைமேல் கிடந்த மைக்கை எடுத்துத் தானே நாத்தனாரின் கையில் வைத்தாள்.