நான் திருடாத கொய்யா

உலகத்தில் நாய்க்கடி வாங்கியவர்கள் நிறைய உண்டு. கடி வாங்கிய பிறகு, தப்பு முழுக்க என்னுடையதுதான், நாய்மேல் குற்றமே இல்லை என்று பத்துப் பேர் கூடிய இடத்தில் நின்று சொல்லி, அது போதாதென்று செய்யாத திருட்டு ஒன்றையும் சேர்த்து ஒப்புக்கொண்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். யாரும் என்னை அடித்து மிரட்டி வாங்கிய வாக்குமூலம் இல்லை அது. சிரித்த முகத்தோடு நானே கொடுத்தது. முட்டாள்தனத்தில் பல தரம் உண்டென்றால் என்னுடையது ஏற்றுமதித் தரம்.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயை ஒட்டிய போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அங்கே ஃபோர்மனாக இருந்த அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். எனக்கும் அந்தப் பக்கம்தான் என்பதைத் தவிர அவர் எனக்கு உதவி செய்ய வேறு காரணம் கிடையாது. காலையிலிருந்து மாலை வரை இந்தியிலும் மராத்தியிலும் திட்டு வாங்குகிறவனுக்கு, ‘ஏல, சாப்டியா’ என்று ஒருவர் கேட்டால் அவர் காலடியிலேயே கிடந்துவிடலாம் போலத்தான் இருக்கும். பட்டறையிலிருந்து நடக்கும் தூரத்தில், வரிசை வீடுகள் கொண்ட ஒரு சொசைட்டியில் கடைசி வீடு அவருடையது. ஞாயிறுதோறும் அங்கே மதினி, அதாவது அவர் மனைவி, வைக்கும் சொதியும் இஞ்சித் துவையலும்தான் என் வார நாட்களை இழுத்துக்கொண்டு போயின.

அந்த வீட்டு நாயின் பெயர் மணி. பட்டறை வாசலில் குட்டியாகக் கிடந்ததை அண்ணாச்சி எடுத்து வந்து வளர்த்தார். செம்பட்டை நிற நாட்டு நாய். கேபிள்காரரை ஒரு தடவை கடித்திருந்தது. அந்த சொசைட்டியின் செயலாளர் ஒரு மராத்தி அம்மாள். எல்லோரும் அக்கா என்ற பொருளில் ‘தாயி’ என்று கூப்பிடுவார்கள். ஒழுங்காக வந்த ஒருவரை இன்னொரு முறை கடித்தால் நாய் இங்கே இருக்க முடியாது என்று தாயி அப்போதே சொல்லி வைத்திருந்தார். என்னிடம் மட்டும் மணி குழந்தை மாதிரி. நான் வந்தால் செருப்பைக் கவ்விக்கொண்டு ஒளிந்துகொள்ளும், உடனே திரும்பிப் போய்விடக் கூடாதாம்.

ஒரு பங்குனி உத்திரத்துக்கு அண்ணாச்சி குடும்பத்தோடு ஊருக்குப் போனார், சாஸ்தா கோயிலுக்கு. மணிக்குச் சோறு வைக்கும் பொறுப்பு என்னுடையது. கேட் சாவியைக் கேட்டேன்.

“சாவி எதுக்குல? தொலச்சிருவ. பின்சுவரு உனக்கு நெஞ்சளவுதான இருக்கு. ஒரு தாவு தாவுனா உள்ள. யாரு கேக்கப் போறா?” என்றார்.

அவருக்குச் சாவியைக் கொடுக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, சுவரைக் கொடுக்கும் அளவுக்கு இருந்தது. இந்தக் கணக்கு எனக்கு விளங்க நாலைந்து வருடம் பிடித்தது. அன்றைக்கு விளங்கியதெல்லாம், நம்மை இந்த வீட்டுப் பிள்ளையாகவே நினைக்கிறார் என்பதுதான்.

தினமும் பின்சந்து வழியாக வந்து, கொய்யா மரத்தின் ஓரமாகத் தாவினேன், சோறு வைத்தேன், தாவிப் போனேன். அப்படியே முடிந்திருக்கும். ஆனால் நடுவில் ரங்கபஞ்சமி வந்தது. புனேயில் ஹோலி முடிந்து சில நாள் கழித்துத்தான் சாயமடிப்பு. பட்டறையில் என்னைப் பிடித்து முகத்தில் ஊதா, அதன்மேல் அலுமினியப் பெயிண்ட், தலையில் முட்டை, போதாக்குறைக்கு மெஷின் ஆயில் என்று அபிஷேகம் செய்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கலாம். மணி பசியோடு இருக்குமே என்று நேரே போனேன். வெள்ளி முகமும் ஊதாக் கழுத்துமாக ஒன்று, மெஷின் நாற்றத்தோடு சுவரில் ஏறி வந்தால் எந்த நாய்தான் சும்மா இருக்கும்? அது பாய்ந்து வந்த வேகத்தைப் பார்த்து நான் திரும்பிச் சுவரைப் பிடித்து ஏறினேன். மனிதன் சுவர் ஏறும்போது நாய்க்கு எந்தப் பாகம் வாகாக அமையுமோ அங்கேயே கடித்தது.

என் அலறலைக் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தான். அதற்குள் மணிக்கு என் வாசனை பிடிபட்டுவிட்டது. காதைத் தாழ்த்தி, வயிறு தரையில் உரச வந்து, என் கையிலிருந்த சாயத்தை நக்கியது. இந்தக் கதையில் தான் செய்ததற்கு வெட்கப்பட்ட ஒரே ஜீவன் அதுதான். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எது ரத்தம் எது சாயம் என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. அந்தக் காலத்து ஊசி தொப்புளைச் சுற்றிப் போடுவது. உட்கார்ந்தால் பின்னால் வலி, கவிழ்ந்தால் முன்னால் வலி. மனிதனுக்குப் ஒருக்களித்துப் படுக்க இரண்டு பக்கங்கள் இருப்பதன் அருமையை அப்போது அறிந்தேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் அண்ணாச்சி அல்வாவோடு என் அறைக்கு வந்தார். விலை உயர்ந்த கடை அல்வா. நான் அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும்.

“தாயி கூட்டம் கூட்டுதா. நான்தான் உன்னச் சுவரேறி வரச் சொன்னேன்னு தெரிஞ்சா மணிய நாய் பிடிக்கிற வண்டியில ஏத்திருவாங்கடே. கேட்டுக் கம்பி வழியா சோறு வைக்கத்தான் சொன்னாரு, நானாத்தான் ஏறிக் குதிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உனக்கு என்ன குறைஞ்சிரப் போவுது?”

மணி வண்டியில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். சரி என்றேன்.

கூட்டத்தில் தாயி எனக்கு முதலில் நாற்காலி போட்டார். உட்கார மாட்டேன் என்றேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டார். அவர் நியாயமானவர். இந்தியில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “அவர் கூப்பிட்டு நீங்கள் போயிருந்தால் பயப்படாமல் சொல்லுங்கள். வைத்தியமும் அவர் பொறுப்பு, நாயும் அவர் பொறுப்பு. கூப்பிடாமல் சுவர் ஏறிப் போயிருந்தால் நாயைக் குற்றம் சொல்ல முடியாது.”

அண்ணாச்சி கேட் கம்பிக் கதையைச் சொன்னார். நானாகத்தான் ஏறினேன் என்று நானும் சொன்னேன். அதோடு விட்டிருப்பார்களா? “கம்பி வழியாக வைக்கலாம் என்றால் ஏன் ஏறினீர்கள்?” என்றார் தாயி. இதற்குப் பதில் நாங்கள் பேசி வைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூட்டம் என்னைப் பார்த்தால் எனக்கு ஒரு வியாதி உண்டு, சிரிக்க வைக்காமல் இருக்க முடியாது. “கொய்யா பழுத்திருந்தது, தாயி. பின்பக்கம் இருக்கிற மரத்துக்கு ஆசைப்பட்டேன், என் பின்பக்கம் போய்விட்டது” என்றேன். ஹால் அதிர்ந்தது. ஒரு பெரியவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாய் தப்பித்தது. அண்ணாச்சி என் தோளில் தட்டிக் கொடுத்தார். பெரிய சாதனை செய்தவன் மாதிரி நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அன்றிலிருந்து அந்த சொசைட்டியில் என் பெயர் ‘பேரூ சோர்’. கொய்யாத் திருடன் என்று அர்த்தம். பிள்ளைகள் கூப்பிட்டால் நானும் கும்பிடு போடுவேன். கேலியில் பாதியை நாமே செய்துவிட்டால் மீதி வலிக்காது என்பது அந்நாளைய என் தத்துவம்.

சில வருடம் போனது. எனக்குப் பெண் பார்த்தார்கள். புனேயை அடுத்த தேஹு ரோடில், ராணுவக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவரின் மகள். இரண்டு தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பம், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். பெண் பார்க்கப் போன அன்று நான் சொன்ன மொக்கை ஜோக்குக்கு எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், “இது பழசுங்க” என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. இவளைக் கட்டவில்லை என்றால் வேறு யாரையும் கட்டுவதில்லை என்று இருந்தேன்.

பையனைப் பற்றி விசாரிக்க வேண்டும் அல்லவா? புனேயில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அண்ணாச்சிதான். பெண்ணின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். அண்ணாச்சி அப்போது சொசைட்டி சேர்மன் ஆகியிருந்தார். “நீ பின்னால இரு, கூப்பிடும்போது வா” என்று சொல்லி என்னை முன்பே உட்கார வைத்திருந்தார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மணி என் மடியில் தலை வைத்துக் கிடக்க, ஹாலில் பேசுவது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எனக்குக் கேட்கும் என்பது அவருக்கும் தெரியும்.

“சுத்தி வளைக்காம கேட்டுடறேன், சார். பையன் பக்காதானா? கேட்டுல வாட்ச்மேன்கிட்ட பேர் சொன்னேன். பேரூ சோரான்னு கேட்டுச் சிரிக்கிறான். இன்னா விஷயம் அது?”

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இதோ, அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரிப்பார், அதை ஏன் கேக்கிய, நான்தான் ஏறச் சொன்னேன், நாயைக் காப்பாத்த அவன் பழியை ஏத்துக்கிட்டான் என்பார், அதைக் கேட்டதும் சம்பந்தம் இன்னும் உறுதியாகிவிடும் என்று காத்திருந்தேன். மதினி உள்ளே வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. அவளும் காத்திருந்தாள்.

“ஆமா, நடந்ததுதான். நம்ம வீட்ல ஏறிக் குதிச்சான். அப்பம் சின்ன வயசு” என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் யோசித்து, “அதுக்குப் பெறவு அப்படி எதும் இல்ல. நான் பாத்த வரைக்கும்” என்றார்.

நான் பார்த்த வரைக்கும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மதினியின் கத்தி மறுபடியும் நறுக்கத் தொடங்கியது. என்னைக் கடைசி வரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

பெண்ணின் அப்பா போன பிறகு அண்ணாச்சி பின்னால் வந்து பல் குத்திக்கொண்டு நின்றார். “நீங்கதான அண்ணாச்சி வரச் சொன்னிய?” என்றேன்.

“சுவரு நான் சொன்னது. கொய்யாக்கா நீயா சேத்தது.”

“அவருகிட்ட மட்டுமாது உண்மையச் சொல்லிருக்கலாம்லா?”

“அவரு போற வழியில வாட்ச்மேன்கிட்ட சொல்லுவாரு. சேர்மன் பொய் சொன்னான்னு ஆவும். எனக்கு இங்க ஒரு மரியாதை இருக்குல்லாடே” என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்குப் புத்தி சொல்கிற அதே பரிவு. அதுதான் இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது. அவர் என்னை வெறுத்துக் கைவிடவில்லை. மணிக்காகப் பொய் சொன்னோம் என்று நான் நினைத்திருந்தேன். மணியைச் சாக்கிட்டு அவருக்காகத்தான் சொல்லியிருக்கிறேன். நாயை வளர்ப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்று தாயி சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொறுப்பு எங்கும் போய்விடுவதில்லை. உடையவர் கீழே வைத்தால் பக்கத்தில் இளித்துக்கொண்டு நிற்கிறவன் தலையில் ஏறி உட்காரும். அங்கே எப்போதும் இளித்துக்கொண்டு நின்றவன் நான்.

அன்று சொதி சாப்பிடவில்லை. அப்புறம் அந்த வீட்டுக்குப் போகவும் இல்லை. பட்டறையையும் சீக்கிரமே மாற்றிக்கொண்டேன். இப்போது நானும் ஒரு சொசைட்டியில்தான் இருக்கிறேன். நாய்த் தகராறு வந்து கூட்டம் போட்டால், எதிரில் நிற்கிறவன் சிரிக்கச் சிரிக்கப் பேசினால், நான் மட்டும் சிரிக்காமல் உன்னை யார் வரச் சொன்னது என்று இன்னொரு தடவை கேட்கிறேன். நகைச்சுவை உணர்வே இல்லாத ஆள் என்று என்னைப் பற்றி இளவட்டங்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

ஆனால் அன்றைக்கு எனக்கு நம்பிக்கை விட்டுப் போகவில்லை. அண்ணாச்சி சொல்லாவிட்டால் என்ன, நானே சொல்கிறேன் என்று அடுத்த ஞாயிறு லோக்கல் ரயில் பிடித்துத் தேஹு ரோடுக்குப் போனேன். பெண்ணின் அப்பா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் அவள் இருந்தாள். திரைக்கு அடியில் கால்விரல்கள் தெரிந்தன. ஒன்று விடாமல் சொன்னேன். சாவி தராதது, சுவர், சாயம், கடி, அல்வா, மணியை வண்டியில் ஏற்றுவார்கள் என்று பயந்து கூட்டத்தில் நான் சொன்னது, எல்லாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையை ஜோக் சேர்க்காமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் என் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அப்போ பொய்யும் சொல்லுவீங்க” என்றார்.