சீனி என் மகள்தான்

பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிற தொழிலில் முதல் வாசகரும் வீட்டில்தான் இருக்கிறார், சரக்கும் வீட்டில்தான் இருக்கிறது. பல நேரம் இரண்டும் ஒரே ஆள். என்னைப் போல அடுப்பில் உலையை வைத்துவிட்டு நோட்டைத் திறக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லாமலே புரியும். நான் எட்டாவதோடு நின்றவள். மகளைத் தூங்கவைக்கச் சொன்ன கதைகளை மறந்துபோகாமல் இருக்க எழுதி வைத்தேன். அதைத் தஞ்சாவூரில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம்.

சிவப்பு மை

முதல் புத்தகத்துக்கு ப்ரூஃப் வந்தது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க அனுப்புகிற தாள் என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. கவரைப் பிரித்தால் பக்கம் பூராவும் சிவப்பு மையில் சுழி, கோடு, அம்புக்குறி. பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். கதை முழுவதையும் புது நோட்டில் மூன்று தடவை எழுதி, கடைசியில் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன்.

நாலாம் நாள் எடிட்டர் அண்ணன் போன் செய்தார். சிரிக்காமல் பேச அவர் படுகிற பாடு குரலிலேயே தெரிந்தது. "மூணு தடவையும் அழகா எழுதியிருக்கீங்கம்மா. பெற்றோர் கையெழுத்துதான் வாங்காம விட்டுட்டீங்க."

கடைமடை வாசகர்

அந்தப் புத்தகத்தில் வருகிற சீனி வேறு யாருமில்லை, என் மகள் ஹாஜிரா. ஐந்து வயதில் அவள், கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் மணலில் ஒரு வீடு கட்டியிருந்தாள். மேட்டூர் தண்ணீர் வந்த அன்று வீடு போய்விட்டது. கரையில் நின்று, "யாரைக் கேட்டு வந்தே?" என்று தண்ணீரைத் திட்டினாள். மதகு திறக்கிற லஸ்கரிடம் போய், வந்த தண்ணீரைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். அவர் முடியாது என்றதும் அழுத அழுகையில் ஜட்டியும் நனைந்துவிட்டது. நான் பேரை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதையெல்லாம், ஜட்டி உட்பட, அப்படியே எழுதினேன்.

புத்தகக் கண்காட்சிக்கு வரச் சொன்னார்களே என்று பூதலூரில் ரயிலேறித் தஞ்சாவூர் போனேன். போய், பதிப்பகக் கடையில் பில் போடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் நின்றுகொண்டேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் நின்ற இடத்திலேயே சீனி கதையை முழுதாகப் படித்தார். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேருகிற கடைமடை ஊர் அவருடையது. ஐந்து பிரதி வாங்கிக்கொண்டு பில் போட்ட பெண்ணிடம் சொன்னார்: "இந்தப் பாப்பா வேணாங்கற தண்ணிய எங்க ஊருக்கு அனுப்பச் சொல்லுங்க. நாத்து விட்டுட்டு உக்காந்திருக்கோம்."

மாற்றுத் துணி

ஹாஜிரா இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூட நூலகத்துக்கும் புத்தகம் போனது. டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். வகுப்பில் சத்தமாக வாசித்துவிட்டு, எழுதினது ஹாஜிராவோட அம்மா என்றும் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? மறுநாளிலிருந்து, "சீனி, மாத்துத் துணி கொண்டாந்தியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இது எனக்கு வேறொரு பிள்ளையின் அம்மா சொல்லித்தான் தெரியும். ஹாஜிரா சொல்லவில்லை. வழக்கமாக, செருப்பைக் கழற்றும் முன்பே யாருக்குப் பல் விழுந்தது, யார் வாந்தி எடுத்தார்கள் என்று அவளுக்குச் செய்தி கொட்டும். இப்போது என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல". குவைத்தில் இருக்கிற என் வீட்டுக்காரரோடு, அவள் அத்தாவோடு, வீடியோவில் பேசும்போதுகூட என்னை வெளியே போகச் சொன்னாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வெங்காயம் உரித்தேன். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மாகிட்ட ஏம்மா பேசமாட்டேங்கறே என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்: "உங்கிட்ட சொன்னா எழுதிடுவே."

குத்தாலத்து டீச்சரம்மா

கதை எழுதுகிறவர்களில் நான் கூச்சமில்லாமல் பேசுகிற ஒரே ஆள் குத்தாலத்து டீச்சரம்மா. பிள்ளைகளுக்காக நிறைய எழுதியவர். கொஞ்ச நாளில் மறந்துடுவா, விடு என்று சொல்வார் என நம்பித்தான் அவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"என் பையனுக்கு நாப்பது வயசு. இன்னும் ஊருக்கு வந்தா முதல்ல பேனாவை மூடி வைன்னுட்டுதான் உக்கார்றான்."

அடுத்த சீனி

அந்தச் சமயம் பார்த்து எடிட்டர் அண்ணன் போன் செய்து இன்னொரு சீனி கதை கேட்டார். என்னிடம் ஒன்று தயாராகவே இருந்தது. ஹாஜிரா தடுப்பூசிக்குப் பயந்து பண்ணிய கூத்து. நல்ல கதை, சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். எழுதாத கதையை விடுவது எத்தனை கஷ்டம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் என் பிள்ளை பேசாத வீட்டில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எனக்கு முடியவில்லை. "இனிமே சீனி வேண்டாங்கண்ணே, அவளுக்குப் பிடிக்கல" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

திரும்பினால் ஹாஜிரா வாசற்படியில் நிற்கிறாள். "ஏன் வேணாம்னே?" என்றாள். "அது உன் கதை. உன்னைக் கேக்காம எழுதினது தப்பு" என்றேன். அவள் கதவுத் தாழ்ப்பாளை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே யோசித்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு என் மடியில் காலைப் போட்டாள்.

"எழுதிக்க. ஆனா அதுல அழுவறது அம்மாவா இருக்கட்டும்."

அன்றிலிருந்து என் கதைகளில் சேற்றில் வழுக்கி விழுவதும் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிவதும் அம்மாக்கள்தான்; கூச்சப்பட்டு மேடைப் பக்கமே போகாத என்னைப் பார்த்து இப்போது ஊர் ஊராகப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.