கண்மாய்ப் பாசிக்குக் கேன் தண்ணீர்

தண்ணீர்க் கேனைச் சாய்க்கும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழ் எழுந்து 'குளுக்' என்று உடையுமே, அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு அக்கா நினைவு வரும். தேனியில் நாங்கள் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்த ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோரம் அக்காவின் கண்ணாடித் தொட்டி இருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதனால் அக்கா. தொட்டியில் ஜெயமங்கலம் கண்மாயிலிருந்து அள்ளிவந்த பாசி. அதன் தண்டில் கணுவுக்குக் கணு விரல் நீளத்துக்கு ஒரே செல். நாற்றமோ நாற்றம். "என்னக்கா, கருவாடு காயப்போட்டிருக்கீகளா?" என்பார்கள் பக்கத்து அறைப் பெண்கள். "ஆமா, சோத்தத் தூக்கிட்டு வாங்க" என்பார் அக்கா.

முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செல்லுக்குள் இறக்கி, லேசாக மின்சாரம் தட்டுவார். திரையில் கோடு துள்ளும். "பாத்தியா பிள்ள, கால்சியம் உள்ள ஏறுது, குளோரைடு வெளிய ஓடுது, பின்னாலயே பொட்டாசியமும் போகுது. எல்லாம் பழையபடி ஆகுற வரைக்கும் எத்தன தட்டு தட்டினாலும் எந்திரிக்காது. அழுது முடிச்ச பொம்பள மாதிரி."

அந்தக் கோடையில் கண்மாய் வற்றியது. தொட்டியில் இருந்ததே கடைசிப் பாசி. ஆய்வேட்டுக்கு இன்னும் சில பதிவுகள் வேண்டும். கெடு ஒரு மாதம். வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது, "தண்ணி மட்டும் மாத்திரு ஆத்தா, கண்மாய்த் தண்ணி குடத்துல இருக்கு" என்றார். குடத்து நீர் கலங்கிக் கிடந்தது. பாவம், நல்ல தண்ணீரில் இருக்கட்டுமே என்று நாங்கள் குடிக்கும் கேனைச் சாய்த்தேன். உப்பெல்லாம் வடித்தெடுத்த நீர். திங்கட்கிழமை கோடு துள்ளவில்லை. ஊசியை மாற்றினார், செல்லை மாற்றினார்; கோடு படுத்தே கிடந்தது. மூன்றாம் நாள் தன் வலக்கையை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். "என் கைதான் பிள்ள. நடுங்குது."

நடுங்கவில்லை. கால்சியம் இல்லாத நீரில் செல்லின் படலம் ஒழுகத் தொடங்கும், துள்ளும் திறன் போய்விடும். அவரே அடிக்கோடிட்டு வைத்திருந்த புத்தகப் பக்கத்தில் அன்று மாலை படித்தேன். எனக்குள் ஏதோ ஏறியது. வெளியே எதுவும் ஓடவில்லை. தினமும் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்ததெல்லாம், "டீ குடிக்கப் போவோமாக்கா?" கெடு முடிந்த அன்று ஊசிப்பெட்டியை மூடிவிட்டு, ஆய்வேட்டை முடிக்காமலே தன் ஊரான போடிக்குப் பஸ் ஏறினார்.

பதினைந்து வருடம் கழித்து, போன மாதம், சொல்லிவிடுவதென்றே போனேன். அக்கா தன் அண்ணனின் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் நூலளவும் பிசகவில்லை. "இவ என்கூடப் படிச்சவ" என்றார் பக்கத்துப் பெண்ணிடம். "எனக்குத்தான் கை சரியில்லாமப் போச்சு." சிரித்தார். நான் வாயைத் திறந்தேன்.

"வெயில்ல வந்திருக்க, மொதல்ல தண்ணி குடி" என்று எழுந்து கேனைச் சாய்த்தார்.

குளுக்.

குடித்தேன். "இன்னும் ஊத்தவா?" என்றார். டம்ளரை நீட்டினேன்.